முதல் தூறலில் ஓடுகிறவர்

மழை பெய்தால் மற்றவர்களுக்குச் சளி பிடிக்கும். வாட்டர் சர்வீஸ் அக்காவுக்குச் சந்தேகம் பிடித்தது. சும்மா சொல்லக் கூடாது, பிடிப்பதற்குக் காரணமும் இருந்தது. அவள் புருஷன் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். தலையில் இடி விழுந்தால்கூட "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்வார். கல்யாணத்தன்று தாலி கட்ட வந்தவர், பாதி வழியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்று அவள் வீட்டார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவர், கொஞ்ச மாதங்களாக, கூரைத் தகரத்தில் முதல் தூறல் 'டொக்' என்று விழுந்தால் போதும், சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்.

"எங்கங்க இந்த மழையில?"

"பிளாண்ட்டுல வேலைம்மா. மழை வந்தா அங்க வேலை ஜாஸ்தி."

"ஏன், மழையை நீங்கதான் பிடிச்சு வைக்கணுமா?"

அதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருப்பார். வண்டிச் சத்தம்தான் கேட்கும்.

அவர் வேலை பார்த்தது ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில், தண்ணீர் பரிசோதனைப் பிரிவில். பட்டறைத் தெருவில் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர். அவள் அதே தெருவில் வாட்டர் சர்வீஸ், அதாவது வண்டி கழுவும் பட்டறை, வைத்திருந்தாள். காரும் வேனும் லாரியும் ஏறி நிற்க சிமெண்டு மேடை, அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் பம்பு, பின்னால் இரண்டு அறை வீடு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவளே நிறுத்திய தொழில். "புருஷன் ஊர் அழுக்கைக் கழுவுறாரு, பொண்டாட்டி வண்டி அழுக்கைக் கழுவுறா. சோப்பும் தண்ணியுமா சேர்ந்திருக்காங்க" என்று எதிர்ப்பக்கத்தில் வண்டி நசுங்கல் எடுக்கும் டிங்கர் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டல் அவளுக்குப் பிடிக்கும். இந்த வருஷம் அவள் ஒரு புதுச் சோப்பு இறக்கியிருந்தாள். இளஞ்சிவப்பு நுரை, ரோஜா வாசனை. ஊரில் வேறு எந்தப் பட்டறையிலும் இல்லாத சரக்கு. கார்க்காரர்கள் அந்த நுரையைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள்.

பட்டறைத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேகம் இருட்டியதும் எல்லாரும் பெருக்குமாறும் கையுமாக வாசலுக்கு வந்துவிடுவார்கள். டிங்கர் இரும்புத் தூளைத் தள்ளுவார், பெயிண்டுக்காரர் தின்னர் கழுவிய தண்ணீரைக் கொட்டுவார். "மழை வருது, கழுவி விடுங்கப்பா!" என்று தெருவே குரல் கொடுக்கும். வாட்டர் சர்வீஸ் அக்காவுக்கு அது பெரிய வேலை. மேடைக்கு அடியில் ஒரு தொட்டி இருந்தது. வெயில் நாளெல்லாம் கழுவிய சேறு, கிரீஸ், கழிவு ஆயில், சோப்பு எல்லாம் அதில்தான் தேங்கும். தொட்டியின் அடியில் ஒரு துளை, துளையில் சாக்குச் சுற்றிய ஒரு கட்டை. முதல் தூறல் விழுந்ததும் அவள் கட்டையைப் பிடுங்குவாள். எல்லாம் குடுகுடுவென்று வாசலில் இருந்த இரும்புச் சல்லடைக்குள் இறங்கிவிடும். பின்னாலேயே மழை வந்து தடம்கூட இல்லாமல் துடைத்துவிடும்.

அந்தச் சல்லடைக்குக் கீழே போவதெல்லாம் புருஷனுடைய பிளாண்ட்டுக்குத்தான் போகிறது என்பது அவள் எண்ணம். வேறு எங்கே போகும்? ஊர்த் தண்ணீரைச் சுத்தம் செய்யத்தானே அவருக்குச் சம்பளம்? சில நாள் அவர் வீடு திரும்பியதும், "அனுப்பி வச்சேனே, வந்து சேர்ந்துச்சா?" என்று கண்ணடிப்பாள். அவர் ஏதோ கழிவறை நகைச்சுவை என்று நினைத்து, "வந்துச்சு வந்துச்சு" என்று சிரிப்பார். அவளுக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். என் அழுக்கைக்கூட என் வீட்டுக்காரர்தான் பார்க்கிறார் என்று.

முதல் தூறலில் அவர் ஒரு பக்கம் ஓடுவார், அவள் ஒரு பக்கம் ஓடுவாள். அதனால் அவள் கட்டை பிடுங்குவதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

சந்தேகம் முதலில் சட்டையில் வந்தது. துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள். உப்பு வாடை, சேற்று வாடை, அதற்கு நடுவில் மெல்லிசாக ஒரு வாசனை. சென்ட்! பிளாண்ட்டில் யார் சென்ட் போடுகிறார்கள்? அங்கே போட்டாலும் யாருக்குத் தெரியும்? பையில் கையை விட்டாள். ஒரு சிப்பி ஓடு.

"இது ஏதுங்க?"

"ரோட்டுல கிடந்துச்சு."

"ரோட்டுல கிடக்கிறதெல்லாம் எடுத்துட்டு வர நீங்க என்ன குப்பை வண்டியா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

அடுத்த மழைக்கு நாத்தனார் வந்து சேர்ந்தாள். நல்ல சேதி என்றால் போனில் சொல்லுவாள். கெட்ட சேதி என்றால் ஆட்டோ பிடித்து நேரிலேயே வருவாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, ஆற அமரத்தான் குண்டைப் போட்டாள்.

"அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அண்ணனைக் கழிமுகத்துல பார்த்தேன். கூட ஒரு பொம்பளை. ஒரே குடை."

"என்ன குடை?"

"குடை என்ன குடைன்னா கேக்கறீங்க? நீலக் குடை. அவ பிடிச்சிருக்கா, அண்ணன் அவ கால்கிட்ட மண்டி போட்டு உக்காந்திருக்காரு. எனக்கென்ன வந்தது, கண்ணால கண்டதைச் சொன்னேன்."

மண்டி போட்டு! இந்த மனிதர் இவளிடம் ஒரு நாள் மண்டி போட்டதுண்டா? கட்டிலுக்கு அடியில் உருண்டு போன மாத்திரையை எடுக்கக்கூட இவளைத்தான் கூப்பிடுவார். அன்று முதல் வாட்டர் சர்வீஸ் அக்காவுக்கு வயிறு எரிந்தது என்றால் அது குறைத்துச் சொல்வது. கார்க் கண்ணாடியைத் துடைத்தால் அதில் நீலக் குடை தெரிந்தது. அவர் செய்தியில் மழை நிலவரம் பார்த்தால், பொண்ணு பார்க்கப் போகிறவன் நேரம் பார்ப்பது போல இருந்தது. அந்தக் குடைக்காரி எப்படி இருப்பாள்? சிவப்பாக இருப்பாளா? சின்ன வயசா? கை எப்படி இருக்கும்? தன் கையைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிச் சுருங்கி, நகக்கண்ணில் கிரீஸ் ஏறிய கை. அன்றைக்கு அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பிறகு அழுதாள். யாரென்று தெரியாத ஒருத்தியிடம் தோற்பதைப் போல ஒரு கேவலம் உண்டா?

'இருக்கட்டும். அடுத்த மழை வரட்டும்' என்று கறுவிக்கொண்டாள்.

அடுத்த மழை ஒரு மத்தியானம் வந்தது. காலையிலிருந்தே புழுக்கம். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது, புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னது. தகரத்தில் 'டொக்' என்றதும் அவர் எழுந்தார். சட்டைப் பையில் சீப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாரே, அதை அவள் பார்த்தாள். அப்பா, அந்தச் சீப்பு! தலையில் இருப்பதே நாலு முடி, அதற்கு ஒரு சீப்பு.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். தெருவே பெருக்கிக்கொண்டிருந்தது. "கழுவி விடுங்கப்பா!" என்று டிங்கர் கத்தினார். மனசு எங்கே இருந்தாலும் கை பழக்கத்தை விடுமா? போகிற போக்கில் குனிந்து கட்டையைப் பிடுங்கிவிட்டுத்தான் போனாள்.

பட்டறைத் தெரு மேட்டில் இருந்தது. அங்கிருந்து கடல் வரைக்கும் ஒரே இறக்கம். மழைக் கோட்டுக்குள் புழுங்கிக்கொண்டு, என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். ஏன்டி, உனக்கு வேறு ஆள் கிடைக்கலையா என்று ஆரம்பிப்பதா, அக்கா தங்கச்சியோட பிறக்கலையா என்று ஆரம்பிப்பதா என்பதில் மட்டும் ஒரு குழப்பம் இருந்தது.

கழிமுகத்தில் மீன்பிடி வலை வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். இருந்தார்கள். நீலக் குடை. கரைச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய குழாயின் வாய் திறந்திருந்தது. அதன் முன்னால் அவர் மண்டி போட்டு, கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குடையை அவர் தலைக்குப் பிடித்திருந்தாள், தான் நனைந்தாள். அதுதான் பொறுக்கவில்லை. புருஷன் நனையாமல் தான் நனைவது பொண்டாட்டி செய்ய வேண்டிய வேலை. அதை இன்னொருத்தி செய்துகொண்டு நின்றாள்.

அவர் எழுந்து ஏதோ சொன்னார். குப்பிப் பெட்டியை அவளிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போனார்.

இப்போது போகலாம் என்று இவள் கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். மழை கொட்டியது. குடைக்காரி திரும்பிப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று கையை ஆட்டினாள்.

"ஏன் நனையறீங்க? வாங்கக்கா, உள்ள வாங்க!"

ஒத்திகை பார்த்ததில் இது இல்லை. வா என்று கூப்பிடுகிறவளை எங்கே ஆரம்பித்துத் திட்டுவது? அடுத்த நிமிஷம் வாட்டர் சர்வீஸ் அக்கா அந்த நீலக் குடைக்குள்ளேயே நின்றாள். பக்கத்தில் பார்த்தாள். சிவப்பும் இல்லை, சின்ன வயசும் இல்லை. தன் வயசுதான் இருக்கும். கையெல்லாம் சிப்பி ஓடு கீறிய தழும்பு. தன் கையைவிட மோசமான கை. சென்டாவது ஒன்றாவது, மீன் வாடைதான் அடித்தது. இவளிடமா தோற்றேன் என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது.

"இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"சிப்பி வளர்க்கிறேன்கா. அதோ பாருங்க." கழிமுகத்துக்கு வெளியே, அமைதியான தண்ணீரில் மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. "கயித்துல தொங்கவிட்டு வளர்க்கிறது. மீனா இருந்தா கெட்ட தண்ணி வந்தா ஓடிடும். சிப்பிக்கு ஓடத் தெரியாது. உக்காந்த இடத்துல, வர்ற தண்ணியைக் குடிச்சுத்தான் வளரணும். இந்த வருஷம் மழை வந்தாலே சாவு. செத்தது போக மிச்சத்துல எண்ணெய் வாடை. ரெண்டு தடவை விக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கலைன்னா இந்தத் தடவையோட இங்க சிப்பி வளர்க்கிற குத்தகை போயிடும்."

"அவரு யாரு? இப்போ போனாரே?"

"தண்ணி டெஸ்ட் பண்ற சார். மழை தொடங்கின உடனே வந்து பிடிக்கணுமாம். ரோட்டு அழுக்கெல்லாம் முதல் தண்ணியிலதான் வருமாம். பின்னால வர்றது வெறும் மழைதான். அதனால தூறல் விழுந்ததும் ஓடி வந்துடுவாரு, பாவம்."

வாட்டர் சர்வீஸ் அக்கா குழாய் வாயைப் பார்த்தாள். "இது... பிளாண்ட்டுக்குப் போற தண்ணிதானே?"

சிப்பிக்காரி சிரித்துவிட்டாள். "நானும் அப்படித்தான்கா நினைச்சுக்கிட்டிருந்தேன்! அது வேற குழாய். வீட்டுக் கழிவறைத் தண்ணிதான் பிளாண்ட்டுக்குப் போகும். தெருத் தண்ணி, மழைத் தண்ணி எல்லாம் நேரா இங்கதான் வருது. வடிகட்டறதுக்கு நடுவுல ஒண்ணும் கிடையாது."

'அனுப்பி வச்சேனே, வந்து சேர்ந்துச்சா?' என்று தான் கண்ணடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. முதுகில் மழைத் தண்ணீர் இறங்கியது போல் சில்லென்றது. கோட்டுக்குள் மழை எங்கே வந்தது?

"சார் நல்லவருதான்," என்று சிப்பிக்காரி பேசிக்கொண்டே போனாள். "ஆனா என்னவோ தெரியல. ஒவ்வொரு மழைக்கும் கீழேயிருந்து தெருவுல இருக்கிற ஒவ்வொரு சாக்கடை மூடியா திறந்து பார்த்துக்கிட்டே மேல போவோம். போன தடவை பட்டறைத் தெரு முனை வரைக்கும் போயிட்டோம். இன்னும் ஒரே ஒரு மூடிதான். அங்க நின்னுட்டாரு. மழை விட்டுடுச்சு, வாங்க போகலாம்னுட்டாரு. மழை கொட்டுதுக்கா! நனைஞ்சுக்கிட்டே மழை விட்டுடுச்சுன்னு சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்ல. இன்னிக்கு என்னைக் கூட வரவே வேணாம்னுட்டாரு."

அப்போதுதான் அது வந்தது. குழாயின் கறுப்புத் தண்ணீரில் முதலில் வானவில் போல ஆயில் பளபளத்தது. பின்னாலேயே கட்டி கட்டியாக நுரை. இளஞ்சிவப்பு நுரை. காற்று திரும்பியது. சேற்று வாடைக்கும் உப்பு வாடைக்கும் நடுவில் மெல்லிசாக ரோஜா வாசனை அடித்தது.

சட்டையில் இருந்த அதே வாசனை. பட்டறையில் டீசலோடும் கிரீஸோடும் கலந்து தினமும் முகர்ந்தவளுக்கு, புருஷன் சட்டையில் அதை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்கும், யோசித்திருந்தால். பொறாமைக்கு மூக்கு உண்டு, மூளை கிடையாது. இத்தனை நாளும் அவள் பொறாமைப்பட்டது தன்னுடைய சோப்பைப் பார்த்துத்தான்.

"பாருங்க, வந்துடுச்சு," என்றாள் சிப்பிக்காரி. சிரிப்பெல்லாம் போய்விட்டது. குப்பியை எடுத்துக் குனிந்தாள். "வாசனையா சாகடிக்கிறாங்கக்கா."

வாட்டர் சர்வீஸ் அக்காவுக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது வெட்கம் இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், வந்தது சந்தோஷம். எனக்காக! எனக்காகத்தான் அந்த மனுஷன் தெருமுனையில் நின்று, நனைந்துகொண்டே, மழை விட்டது என்று பொய் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்ன பொய்யும் எனக்காக, இவளிடம் சொன்ன பொய்யும் எனக்காக. வயிற்றில் எரிந்ததெல்லாம் ஒரே நொடியில் குளிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்றவளோ, தன் மிதவைகள் பக்கமாக நகரும் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடை இன்னமும் இவள் தலைமேல்தான் இருந்தது. அவள் தோள் முழுக்க நனைந்திருந்தது. சந்தோஷம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது.

வண்டிச் சத்தம் கேட்டது. அவர் தொப்பலாக நனைந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஒண்ணும் தெரியலம்மா, மழை விட்டு..." என்று ஆரம்பித்தவர், கண்ணாடியை மாட்டினார். நீலக் குடைக்குள் பொண்டாட்டி நிற்பது தெரிந்தது. இடி விழுந்தாலும் நிதானமாக நிமிர்கிறவர், அன்றைக்கு நிமிரவே இல்லை.

"மழை விடலங்க," என்றாள் அவள். "கொட்டுது. குப்பியை எடுத்துக்கிட்டு வாங்க."

"நீ எதுக்கு இங்க... வேணாம்மா. பட்டறையை மூடச் சொல்லிடுவாங்க. நான் பேசிக்கிறேன், நீ வீட்டுக்குப் போ."

"நீங்க பேசி கிழிச்சது போதும். எத்தனை மழைக்கு இப்படி நனைவீங்க?" என்றவள், சிப்பிக்காரி பக்கம் திரும்பினாள். "வாம்மா. அந்த மிச்ச மூடியை நான் காட்டுறேன்."

ஸ்கூட்டியில் சிப்பிக்காரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேடு ஏறினாள். சிப்பிக்காரி ஒரு கையில் குடையைப் பிடித்து இரண்டு பேருக்கும் கவிக்க, காற்றில் அது ஆளையே தூக்கப் பார்த்தது. அவர் பின்னால் வந்தார். பட்டறைத் தெருவில் எல்லாரும் பெருக்கி முடித்து வாசலில் நின்று மழையை ரசித்துக்கொண்டிருந்தார்கள். "என்னக்கா, ஜோடி மாறிப் போச்சு!" என்று டிங்கர் கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

பட்டறைக்குள் நுழைந்ததும் யாரும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. தொட்டியிலிருந்து இளஞ்சிவப்பு நுரை புரண்டு, கறுப்பு ஆயிலோடு வாசல் சல்லடைக்குள் மடமடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வாசனையும் அதேதான். வாட்டர் சர்வீஸ் அக்கா மண்டி போட்டாள். தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கட்டையைத் தேடி எடுத்து, துளையில் வைத்து, உள்ளங்கையால் அடித்து இறுக்கினாள். சத்தம் நின்றது. தெருவில் மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

சிப்பிக்காரி தொட்டியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வாசனை வந்தப்பவே சந்தேகம், போன மழையிலதான் உறுதியாச்சு. என் வீடும்மா அது. எப்படிச் சொல்றதுன்னு..."

சிப்பிக்காரி குடையை மடக்கினாள். மழையில் நின்றுகொண்டு, புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை வாட்டர் சர்வீஸ் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இத்தனை நாள் கார்க் கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்த அதே பார்வை.

"கொடுத்து வச்சவங்கக்கா நீங்க," என்றாள் சிப்பிக்காரி. "எனக்காகப் பொய் சொல்ல வீட்டுல ஒரு ஆள் கிடையாது. அந்தச் சிப்பிதான் இருந்துச்சு."

வாட்டர் சர்வீஸ் அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கொண்டுவந்த குப்பிப் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். சல்லடை ஓரத்தில் தேங்கி நின்ற இளஞ்சிவப்புத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினாள். மூடியைத் திருகினாள். புருஷன் கையை நீட்டினார். அவள் குப்பியை அவரிடம் கொடுக்காமல் சிப்பிக்காரியின் கையில் வைத்தாள்.